போனவன் கதையும் வளர்த்தவள் கதையும்

'பாரிஸ், டெக்சாஸ்' படத்தை ஒருவழியாகப் பார்த்துவிட்டேன். விம் வெண்டர்ஸ் எடுத்தது. 1984இல் கான் திரைப்பட விழாவின் உச்ச விருதான தங்கப் பனையை வாங்கியது. ஹாலிவுட் ஸ்டூடியோ பணம் இல்லை, மேற்கு ஜெர்மனி-பிரான்ஸ் கூட்டுத் தயாரிப்பு. மெதுவாகத்தான் போகிறது. போகட்டும், அந்தப் பாலைக்கும் இசையமைத்த ரை கூடரின் கிதாருக்கும் அந்த வேகம்தான் சரி.

நான்கு வருஷமாகக் காணாமல் போயிருந்த டிராவிஸ் பாலைவனத்திலிருந்து நடந்து வருகிறான். வாயே திறப்பதில்லை. கையில் ஒரு காலி மனையின் போட்டோ. கூடப் பிறந்த வால்ட் அவனை லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கூட்டிப் போகிறான். அங்கே வால்ட்டும் மனைவி ஆனும்தான் டிராவிஸின் மகனைத் தங்கள் பிள்ளையாக வளர்த்துவருகிறார்கள். அப்புறம் அப்பனும் மகனும் பையனைப் பெற்ற தாயைத் தேடி ஹூஸ்டனுக்குக் கிளம்புகிறார்கள்.

எல்லோரும் கொண்டாடும் அந்தக் கண்ணாடி அறைக் காட்சி நிஜமாகவே பெரிய விஷயம். அந்தத் தாய் வேலை பார்க்கும் இடம் அது. நடுவில் ஒருபக்கக் கண்ணாடி; டிராவிஸ் அவளைப் பார்க்கலாம், அவளுக்கு இவன் தெரியமாட்டான். இருந்தும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, வேறு யாரோ ஒருவன் கதைபோலப் போனில் சொல்கிறான். குடி, சந்தேகம், ராத்திரி எழுந்து போய்விடுவாளோ என்று காலில் மணி கட்டியது, சத்தம் வராமலிருக்க அவள் மணிக்குள் காலுறையைத் திணித்தது வரை எல்லாம் வருகிறது. கடைசியில் தாயையும் பிள்ளையையும் சேர்த்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுகிறான். இதைத் தியாகம் என்று நண்பர்கள் உருகுகிறார்கள். தன்னை நம்பி யாரையும் விடக்கூடாது என்று அவனுக்கே புரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

என் வழக்கு வேறு. வளர்த்தவள் என்ன ஆனாள்? வழியிலிருந்து பையன் போன் பண்ணுகிறான், ஆன் பதறுகிறாள், அதோடு சரி. படம் அந்த வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

காரைக்குடிக்காரனுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? எங்கள் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பெரிய வீடுகளைச் சுற்றிக் காட்டுபவர்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர்களைத்தான் சொல்வார்கள். தேக்குத் தூணைத் தட்டிக் காட்டுவார்கள், இத்தாலிப் பளிங்கைக் காட்டுவார்கள். வீட்டுக்காரர் மூன்று வருஷக் கணக்குக்குக் கப்பல் ஏறியபின், வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டுக்குள் இருந்துகொண்டு வரவுசெலவு பார்த்து, முன்னோருக்குப் படைப்பு நடத்தி, "அப்பச்சி (அப்பா) வருவாக" என்று பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்த மனைவியை, எங்கள் பேச்சில் ஆச்சியை, பற்றி ஒரு வரி வராது. போனவன் கதைக்குத்தான் எங்கும் மவுசு.

அந்த இரண்டாம் கட்டிலேயே கேமராவை வைத்து ஒரு பயணப் படம் எடுக்கலாம். யாராவது தயார் என்றால் பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்றுக்குச் சாவி கேட்டுப் பார்க்கிறேன். பங்காளிகள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும், படம் எடுப்பதைவிட அதுதான் கஷ்டம்.