கோப்பை கிடைக்காத டிராகன்

இரவு பதினொரு மணிக்குமேல் சீட்டு வித்தைக் காணொளிகள் பார்ப்பது என் கெட்ட பழக்கங்களில் ஒன்று. வீட்டில் திட்டு வாங்கியும் விடவில்லை. எங்கே தொடங்கினாலும் ‘பென் அண்ட் டெல்லர்: ஃபூல் அஸ்’ நிகழ்ச்சியில்தான் போய் நிற்பேன். அதிகம் அறியப்படாத வித்தைக்காரர் ஒருவர், லாஸ் வேகஸ் மேடையில் பழம் தின்று கொட்டை போட்ட வித்தைக்கார ஜோடியான பென் ஜில்லெட், டெல்லர் இருவர் முன்னால் வித்தை காட்டுவார். எப்படிச் செய்தார் என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அவருக்கு ஒரு கோப்பையும், வேகஸில் அவர்களுடைய மேடையில் ஏறும் வாய்ப்பும் கிடைக்கும்.

இந்த நிகழ்ச்சியே ஒரு சவலைப் பிள்ளைதான். 2011இல் பிரிட்டனின் ஐடிவி அலைவரிசை தொடங்கி, ஒரே சீசனோடு கைகழுவியது. 2014 கோடையில் அமெரிக்காவின் சிடபிள்யூ அலைவரிசை அந்தப் பழைய பகுதிகளை வாங்கி ஒளிபரப்பியது. அங்கே நான்கு பெரிய அலைவரிசைகளுக்குப் பக்கத்தில் அது பொடிசு. ஆனாலும் மக்கள் பார்த்தார்கள். மறு ஆண்டு முதல் வேகஸிலேயே புதிதாக எடுக்க ஆரம்பித்தார்கள்.

கோப்பை வாங்கியவர்களைவிட வாங்காதவர்கள்தான் எனக்குச் சுவாரசியமானவர்கள். 2011இல் பச்சை டிராகன் உடையில், உலகமே தனக்குக் கடன்பட்டது போன்ற முகத்தோடு, ஒரு சிவாவா நாய்க்குட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார் பிஃப் தி மேஜிக் டிராகன். பென்னையும் டெல்லரையும் அவரால் ஏமாற்ற முடியவில்லை. அதனால் என்ன? அந்தச் சில நிமிடக் காணொளி ஊர் ஊராகச் சுற்றியது. பிறகு வேகஸுக்கே குடிபெயர்ந்தார். 2015இல் ‘அமெரிக்காஸ் காட் டேலண்ட்’ என்ற தொலைக்காட்சித் திறமைப் போட்டியில் இறுதிச்சுற்று வரை போனார். அங்கும் பட்டம் இல்லை. ஆனால் வேகஸின் ஃபிளமிங்கோ ஹோட்டலில் சொந்த நிகழ்ச்சி அமைந்தது. இரண்டு முறை தோற்று இவ்வளவு சம்பாதித்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை!

தோற்றவருக்கு இது எப்படிச் சாத்தியம்? பென் பேசும் விதத்தைக் கவனியுங்கள். வித்தையைக் கண்டுபிடித்துவிட்டாலும் போட்டு உடைக்க மாட்டார். முதலில் மனதாரப் பாராட்டுவார். பிறகு தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் புரியும் சங்கேத வார்த்தைகளில் ஒரு கோடு காட்டுவார். வந்தவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். நமக்கு ஒன்றும் விளங்காது. ரகசியம் வந்தவரிடமே பத்திரமாக இருக்கும். கையில் மிஞ்சுவது நல்ல வெளிச்சத்தில் பல கேமராக்கள் வைத்து எடுத்த காட்சியும், ஜாம்பவான்களின் வாயால் வந்த புகழும். சொந்தச் செலவில் அப்படி ஒன்றை எடுக்க எத்தனை பேரால் முடியும்? நிறுவன விழாக்களுக்கும் சொகுசுக் கப்பல்களுக்கும் ஆள் எடுப்பவர்களுக்கு அதை அனுப்பினால் போதும். ஒளிபரப்பாகும் இரவில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதெல்லாம் தொலைக்காட்சிக்காரர்களின் கவலை.

இதற்கு நேரெதிராக, 1997இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் அலைவரிசையில் முகமூடி போட்ட ஒருவர் பெரிய வித்தைகளின் குட்டுகளையெல்லாம் வரிசையாக உடைத்துப் பெயர் வாங்கினார். அதுவும் ஒரு பிழைப்புதான். நமக்கு வேண்டாம்.

சின்ன நிகழ்ச்சியிலிருந்து மேலே வருவது புதிதும் அல்ல. வித்தைக்காரர் மார்க் வில்சன் 1955இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரத்து உள்ளூர்த் தொலைக்காட்சியில், ஒரு குளிர்பான நிறுவனத்தின் ஆதரவில்தான் தொடங்கினார். 1960இல் சிபிஎஸ் என்ற பெரிய அலைவரிசையில் அவருடைய ‘மேஜிக் லேண்ட் ஆஃப் அல்லகஸாம்’ நாடு முழுவதும் ஒளிபரப்பானது. எதிரே பார்வையாளர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், வித்தையின் நடுவே காட்சியை வெட்டி ஒட்டக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். இன்றைய கைபேசி வித்தைக்காரர்கள் சிலரைப் பார்க்கும்போது அவரை நினைத்துக்கொள்கிறேன்.

தொலைக்காட்சிக்கு அகோரப் பசி என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பத்து நிமிட வித்தை ஒன்றை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆயுள் முழுக்கப் பிழைத்தவர்கள் உண்டு. கேமராவின் முன் ஒருமுறை காட்டிவிட்டால் அது எல்லோரும் பார்த்ததாகிவிடும். சீட்டு வித்தைக்காரர் ஷின் லிம் 2015இல் பென்னையும் டெல்லரையும் ஏமாற்றினார். 2017இல் வேறொரு வித்தையோடு வந்து மறுபடியும் ஏமாற்றினார். 2018இல் ‘அமெரிக்காஸ் காட் டேலண்ட்’ பட்டத்தையே வென்றார். அடுத்த சரக்கு அவரிடம் இருந்தது. எல்லோரிடமும் இருக்குமா?

பிஃப் இந்த விஷயத்திலும் கெட்டிக்காரர். அவர் விற்பது ரகசியத்தை அல்ல, அந்தச் சிடுமூஞ்சியை. எந்தச் சீட்டு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்களும் டிக்கெட் எடுத்துப் போய், நாய்க்குட்டியைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வருகிறார்கள்.