படிக்கவே முடியாத பத்திரிகை எதுக்குப்பா?

மண்டபத்தோட பேரையே படிக்க முடியலைன்னா அது என்ன கல்யாணப் பத்திரிகை? சென்னையில பத்திரிகைக் கடைங்க இருக்கற ஆண்டர்சன் தெருவுக்குப் புரூஃப் பார்க்கப் போனவன் கொதிச்சுப்போய் வந்திருக்கேன்.

அக்கா பொண்ணு கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளை பேரை மட்டும் பிரஷ்ல வளைச்சு எழுதின மாதிரி இருக்கற பிரஷ் கேலிகிராபி ஃபாண்ட்ல பெருசா போடச் சொன்னோம். அதுக்கு அது அழகுதான். கடைத் தம்பி என்ன பண்ணியிருக்கார்? தாத்தா பாட்டி பேர்ல ஆரம்பிச்சு முகூர்த்த நேரம், மண்டபம், தெரு, பின்கோடு வரைக்கும் அதே ஃபாண்ட்! இங்கிலீஷ் பக்கம் முழுக்க கேபிட்டல் எழுத்து வேற. இந்த மாதிரி ஃபாண்ட்ல கேபிட்டல்ங்கறது வார்த்தையைத் தொடங்கி வைக்கத்தான். பின்னாடி வர்ற சின்ன எழுத்துங்கதான் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ஓடும். 1942ல ராபர்ட் ஸ்மித் வரைஞ்ச 'பிரஷ் ஸ்கிரிப்ட்'ங்கற ஃபாண்ட்லயே அப்படித்தான். எல்லாத்தையும் கேபிட்டலா போட்டா ஒவ்வொண்ணும் தனித்தனியா சுழிச்சுக்கிட்டு நிக்குது. டி. நகரா, ஜே. நகரா?

"தம்பி, நீங்களே படிங்க"ன்னேன். திரையைப் பெருசு பண்ணினார். தலையைச் சாய்ச்சுப் பார்த்தார். பக்கத்து சீட்காரரைக் கூப்பிட்டார். அவர் மண்டபத்துக்கு வேற ஒரு பேர் சொன்னார். கடைசியில நான் எழுதிக் குடுத்த துண்டுச் சீட்டைத் தேடி எடுத்து, அதைப் பார்த்துப் படிச்சிட்டு, "இதான் சார் இப்ப டிரெண்டு"ங்கறார்!

தமிழ்ப் பக்கம் அதைவிடக் கொடுமை. புள்ளியெல்லாம் தீற்றலாகி எழுத்தோட ஒட்டிக்கிச்சு. ரகரமும் துணைக்காலும் ஒரே கோடு. ஓலைச்சுவடியில புள்ளி வைக்காததுக்கு ஓலை கிழிஞ்சுடும்னு ஒரு காரணம் இருந்துது. 300 ஜிஎஸ்எம் கெட்டி அட்டையில என்ன கிழியப் போகுது? எகரமும் ஏகாரமும் குழம்பக் கூடாதுன்னு 18ஆம் நூற்றாண்டுல வீரமாமுனிவர் எழுத்தையே திருத்தினார். இங்க 'ஏப்ரல்' மறுபடியும் 'எப்ரல்' ஆயிடுச்சு, அந்தக் கீழ்க்கோடு அலங்காரச் சுழியில காணாமப் போயி.

கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல விடியக்காலை இறங்கி, இந்தப் பத்திரிகையை ஆட்டோக்காரர்கிட்ட நீட்டப்போற பெரியவங்களை ஒரு நிமிஷமாவது நினைச்சுப் பார்த்தாங்களா? செல்போன் நம்பர்ல ஒண்ணும் ஏழும் ஒரே மாதிரி இருந்தா அவங்க யாருக்குப் போன் பண்ணுவாங்க? மவுண்ட் ரோடுல சினிமா பேனர் எழுதினவங்களும் பிரஷ்லதான் எழுதினாங்க. ஓடுற பஸ்ல ஜன்னலோரம் உக்காந்திருக்கறவன் படிக்கணும்னு தெரிஞ்சு எழுதினாங்க!

முகவரி, தேதி, நேரம், நம்பர் எல்லாத்தையும் சாதா எழுத்துல மாத்தினாத்தான் அச்சுக்குப் போகணும்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதுக்கு 'டிசைன் சேஞ்ச்'னு தனியா காசு கேக்கறாங்க. கொடுக்க மாட்டேன்.

அப்புறம் அந்தக் கவர். இவ்வளவு விலை சொல்றாங்களே, மூடுற இடத்துல ஒரு இழை கோந்து தடவித் தர ஏன்யா மனசு வரலை? வீட்ல எல்லாரும் ராத்திரி உக்காந்து ஒட்டணுமா?