இரண்டாம் தண்ணீரில் தெரிந்துவிடும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு மேசையில் ஆறு வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் கிராம் கணக்குப் பார்க்க ஒரு சின்னத் தராசு, கெட்டில், வடிகட்டி. பால் இல்லை, சர்க்கரை இல்லை. குடித்துப் பார்க்க நான்கு பேர். நான், என் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், எழுபது வயதைத் தாண்டிய அம்மா.

இதற்கெல்லாம் காரணம் மகள்தான். விடுதியிலிருந்து வரும்போது ஸ்ட்ராபெர்ரி டீ ஒரு டப்பா வாங்கி வந்திருந்தாள். மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க மிட்டாய்க் கடை வாசம். "அப்பா, டீன்னா இதுதான். நீங்க குடிக்கிறதுல வாசனையே இல்ல" என்றாள். அந்தப் பேச்சு எனக்கு இரண்டு நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. அவள்மேல் கோபம் இல்லை. தேயிலைக்குச் சொந்தமாக ஒரு மணம் உண்டு என்பதை நான் அவளுக்கு ஒருநாளும் காட்டியதில்லை. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்த நானே முப்பது வயதுக்கு மேல்தான் அதை முதன்முதலாக உணர்ந்தேன்.

அம்மா இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1964இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இங்கே வந்து கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் பேச்சில் டேன்டீயில், கொழுந்து எடுத்தே எங்களை வளர்த்தார். அவர் விரல் பட்ட கொழுந்து எந்த ஊர்க் கோப்பைக்குப் போனது என்று அவருக்குத் தெரியாது. லயத்தில் நாங்கள் குடித்தது டஸ்ட் என்கிற பொடித் தேயிலைதான். கருத்த சாயத்தண்ணி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. ஒரு நக்கு, ஒரு மடக்கு.

டஸ்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பாலைத் தாங்கி நிற்கிற கடுப்பும் நிறமும் சீக்கிரம் இறங்க வேண்டும், ஒரு கிலோவுக்கு நிறையக் கோப்பை வர வேண்டும். டீக்கடைக்கு அது வேண்டும், அதைத் தருவது 1930களில் அசாமில் வந்த சி.டி.சி. இயந்திரம். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கிவிடும். அதிகாலைப் பேருந்து நிலையத்தில் ஒரு கிளாஸ் பால் டீயின் இடத்தை எந்த உயர்ந்த இலையாலும் பிடிக்க முடியாது. ஆனால் அதைக் குடித்துவிட்டுத் தேயிலையின் மணம் இவ்வளவுதான் என்று முடிவு கட்டுவது நியாயமில்லை.

சரி, கோப்பைக்கு வருகிறேன். தேநீரைச் சோதிப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு சர்வதேச முறை 1980இல் வந்தது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, கொதிக்கும் தண்ணீர், ஆறு நிமிடம். ருசியாகக் குடிப்பதற்கான முறை அல்ல அது, ஒப்பிடுவதற்கானது. ஆறு நிமிடம் ஊறினால் இலையின் நல்லதும் கெட்டதும் வெளியே வந்துவிடும். உறிஞ்சும்போது காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்ச வேண்டும். மணம் அண்ணத்தின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும். தொழில்முறைச் சுவைஞர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். மனைவி கோப்பைகளின் அடியில் எண் ஒட்டி, எது எது என்று தனக்கு மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டார்.

தண்ணீர் சிறுவாணி. கோவைக்காரர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. முன்பு ஒருமுறை ஒரே இலையைச் சிறுவாணியிலும் எங்கள் தெருவின் போர் தண்ணீரிலும் போட்டுப் பார்த்தேன். போர் தண்ணீரில் நிறம் மங்கி, மேலே ஆடை மாதிரி ஒரு படலம் மிதந்தது. சுண்ணாம்புச் சத்து அதிகமான தண்ணீர் செய்கிற வேலை. விலை கொடுத்து நல்ல இலை வாங்கிக் கெட்ட தண்ணீரில் போடுகிறவர்கள் இலையைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் கோப்பையை அம்மா குடிக்கவே இல்லை. மூக்கருகே கொண்டுபோய் அப்படியே நின்றார். "இது எங்கூரு பாக்டரி வாசம். கச்சான் காத்துல வாடுன கொழுந்து" என்றார். கோப்பையைத் திருப்பிப் பார்த்தோம். உறவினர் பண்டாரவளையிலிருந்து கொண்டுவந்த ஊவா இலை. பதுளையும் அந்த ஊவா மாகாணம்தான். அம்மா அந்த மலையை விட்டு வந்து ஐம்பது வருடம் ஆகப்போகிறது.

ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட கச்சான் காற்று வீசும். அந்தப் பருவத்து இலையில் ஒரு குளிர்ச்சியான, தைலம் போன்ற மணம் வரும். மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். மூட்டுவலித் தைலத்தில் நாம் மோந்து பார்ப்பதும் அதே பொருள்தான். யாரும் எதையும் தெளிக்கவில்லை. காற்றும் மலையும், பறித்த கொழுந்தை வாடவிடுகிற வாட்டலும் சேர்ந்து கொடுத்தது. மகள் இரண்டாவது முறை உறிஞ்சிவிட்டு, "இதுல எதுவுமே கலக்கலையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தேன்.

அடுத்தது நீலகிரி ஆர்த்தடாக்ஸ், அதாவது குருணையாக்காமல் இலையாகவே உருட்டிச் செய்தது, ஜனவரி இலை. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மலையில் இரவுக் குளிர் கடுமையாக இருக்கும், செடி மெதுவாக வளரும். அந்தக் கொழுந்தில் மணம் செறிவாக இருக்கும். தேயிலையில் லினலூல், ஜெரனியால் என்று வாசனைப் பொருட்கள் உண்டு. கொத்தமல்லி விதையை நசுக்கினால் எழுகிற மணத்தில் பெரும்பங்கு லினலூல். ஜெரனியால் ரோஜாவில் இருப்பது. பச்சை இலையில் இவற்றில் பெரும்பகுதி சர்க்கரையோடு பிணைந்து, மணமில்லாமல் கிடக்கும். வாட்டி, உருட்டும்போது செல்கள் உடைந்து அவை விடுபடும். நல்ல வாட்டல் நடக்கிற ராத்திரியில் பாக்டரிக்குள் போனவர்களுக்குத் தெரியும், மாலையில் புல் வாசம் அடித்த இடத்தில் விடியும்போது பூ வாசம் அடிக்கும். கோப்பையில் எனக்குக் கிடைத்தது அந்த விடியற்காலை. நாக்கில் கனமே இல்லை, தொண்டையில் கொஞ்சம் இனிப்பு. மிச்சத்தை மகள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பார்த்தாள். பல தேநீர்கள் ஆறினால் கலங்கிவிடும், கஃபீனும் சாயப் பொருட்களும் குளிரில் ஒட்டிக்கொள்வதால். நீலகிரித் தேநீர் கலங்காது என்று பெயர் வாங்கியது. இரண்டு மணி நேரம் கழித்தும் கண்ணாடி மாதிரி இருந்தது.

மூன்றாவது ஏர்ல் கிரே. இத்தாலியின் தென்கோடியில் கலாப்ரியாவில் விளைகிற பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோலைப் பிழிந்து எடுக்கும் எண்ணெய்தான் அதன் மணம். நார்த்தங்காய்த் தோலை நகத்தால் கீறினால் தெறிக்கிற வாசத்தோடு கொஞ்சம் பூவும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இது பிடிக்கும். மழை நாளில் மாலை ஐந்து மணிக்கு இதைவிட வேறு வேண்டாம் என்றுகூட இருந்திருக்கிறேன். மனைவி இதற்குத்தான் முதல் மதிப்பெண் கொடுத்தார். நான்காவது ஏலக்காய் மசாலா. அதற்குப் பாலும் வெல்லமும் வேண்டும், வெறும் தண்ணீரில் அதைச் சோதித்தது எங்கள் தப்பு.

ஸ்ட்ராபெர்ரி ஐந்தாவது. மணம் கோப்பையிலிருந்து முழங்கை தூரத்துக்கு வந்தது. வாய்க்குள் போனதும் அந்த மணம் மேலேயே நின்றுவிட்டது, கீழே வெறும் துவர்ப்பு. டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'இயற்கையை ஒத்த வாசனைப் பொருள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருந்தது. பழத்திலிருந்து எடுத்தது அல்ல, பழத்தில் இருக்கும் மூலக்கூறை ஆலையில் செய்தது என்று அர்த்தம். சட்டப்படி அனுமதிக்கப்பட்டதுதான், விஷம் ஒன்றும் இல்லை. என் புகார் அதைப் பற்றியது அல்ல.

என் புகார் இரண்டாம் தண்ணீரில் தெரிந்தது. எல்லா இலையையும் வடித்துவிட்டு அதே இலையில் மறுபடியும் கொதிநீர் ஊற்றினேன். தெளித்த வாசனையில் பெரும்பகுதி முதல் தண்ணீரோடு போய்விடும். அப்புறம் மிஞ்சுவது இலை மட்டும். ஊவா கொஞ்சம் இளைத்தாலும் தன் மணத்தை விடவில்லை. நீலகிரி இன்னும் இனிப்பாக இருந்தது. ஏர்ல் கிரேயில் பெர்கமாட் போன பிறகும் குடிக்கத்தக்க ஓர் இலங்கைத் திம்புள்ள இலை இருந்தது, அதனால் அதன்மேல் மரியாதை கூடியது. ஸ்ட்ராபெர்ரியின் இரண்டாம் தண்ணீர் நனைந்த அட்டை மாதிரி இருந்தது. அம்மா வடிகட்டியில் கிடந்த இலையைத் தட்டில் கொட்டி விரலால் விரித்தார். "கத்திரி போட்டு வெட்டுன முத்தல் எல தம்பி. குச்சியும் கெடக்கு" என்றார். ஒன்றும் சொல்லாமல் மகள் தட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசனை சேர்ப்பது தவறு என்று நான் நினைக்கவில்லை. தனியாகக் குடித்தால் நிற்காத இலைமேல் வாசனையை ஊற்றி, நல்ல இலையின் விலைக்கு விற்பது தவறு. ஊட்டிக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். தேயிலைச் சரிவில் நின்று படம் எடுத்துக்கொண்டு, இறங்கும்போது கடையில் சாக்லேட் டீயும் ஏலக்காய் டீயும் வாங்கிப் போகிறார்கள். எந்தச் செடிக்கு நடுவில் நின்றார்களோ அதன் மணத்தைக் கடைசிவரை அறியாமலே ஊர் திரும்புகிறார்கள். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறவர் குறைவு. பறித்த பசுந்தேயிலைக்கு விலை கேட்டு மலையில் சிறு விவசாயிகள் எத்தனை வருடமாகப் போராடுகிறார்கள்! இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கையால் எடுப்பதற்கு ஆகிற கூலி, கத்திரியில் வெட்டுவதற்கு ஆகாது. நல்ல இலையைக் கேட்டு வாங்க ஆள் இருந்தால்தான் நல்ல பறிப்பு நடக்கும்.

ஆறாவது கோப்பையைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அது சீனாவின் ஃபூஜியான் மாநிலத்து ஃபூச்சோ நகரின் மல்லிகைப் பச்சைத் தேநீர். வாசனை டீ என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அங்கே எண்ணெய் தெளிப்பதில்லை. பகலில் மொட்டுகளைப் பறித்து வைப்பார்கள். இரவில் மொட்டு வாய் திறக்கிற நேரத்தில் தேயிலையோடு கலந்து பரப்புவார்கள். இலை பக்கத்து வாசத்தை இழுத்துக்கொள்ளும், தேயிலை டப்பாவைப் பெருங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்தவர்களுக்கு இது புரியும். விடிந்ததும் பூவைச் சலித்து எறிந்துவிட்டு, இலையை உலர்த்தி, அடுத்த இரவு புதிய மொட்டு. உயர்ந்த தரத்துக்கு இதைப் பல இரவுகள் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். இரண்டாம் தண்ணீரிலும் மல்லிகை இருந்தது, மூன்றாம் தண்ணீரிலும் இருந்தது. கொதிநீரில் ஆறு நிமிடம் போட்டதால் கசந்தது என்பது உண்மை. 80 டிகிரியில் மூன்று நிமிடம் வைத்து மறுபடி கொடுத்தபோது மேசையில் பேச்சே இல்லை.

அந்த மல்லிகை வேறு ஏதோ சீனப் பூ இல்லை. நம் குண்டுமல்லியின் இனமேதான். சீனத்தில் அதற்கு மோலி என்று பெயர். அந்தச் சொல்லே 'மல்லிகா' என்ற வடசொல்லிலிருந்து போனது. இதைச் சொன்னதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பூவும் நம்மகிட்ட இருக்கு, எலையும் நம்மகிட்ட இருக்கு. அப்புறம் எதுக்குச் சீனாக்காரன்கிட்ட வாங்குற?"

அன்று மாலையே பூ மார்க்கெட்டுக்குப் போனேன். சத்தியமங்கலத்து மல்லி, விரியாத மொட்டாகப் பார்த்துக் கால் கிலோ. கோத்தகிரியில் ஒரு சிறு விவசாயி தானே செய்து தருகிற, தூளாக்காத முழு இலைப் பச்சைத் தேநீர் இலை கொஞ்சம் இருந்தது. எவர்சில்வர் தட்டில் ஒரு அடுக்கு இலை, ஒரு அடுக்கு மொட்டு, மேலே மெல்லிய வேட்டித் துணி. காலையில் பூவைப் பொறுக்கி எடுத்து இலையை டப்பாவில் அடைத்துவிட்டேன். இரண்டு நாளில் பூஞ்சை வாசம் வந்துவிட்டது. பூவின் ஈரம் இலைக்குள் போயிருந்தது, உலர்த்தாமல் மூடியது பிழை.

நேற்று இரவு அம்மாவே பொறுப்பெடுத்துக்கொண்டார். இந்தமுறை மொட்டு குறைவு, இலை அதிகம். விடியற்காலை நாலரைக்கு எழுந்து பூவைச் சலித்துவிட்டு, இரும்புச் சட்டியைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்து, அரை மணி நேரம் இலையைப் புரட்டிக்கொண்டே இருந்தார். கரண்டி வேண்டாம் என்றுவிட்டார், வெறும் கை. "ஈரம் போச்சான்னு வெரலுக்குத்தான் தெரியும்" என்றார். மகளை எழுப்பி முதல் கோப்பையை அவளிடம் கொடுத்தோம். மல்லிகை லேசாகத்தான் இருக்கிறது, ஆனால் இருக்கிறது. இரண்டாம் தண்ணீரிலும் இருந்தது. இன்னும் இரண்டு இரவு இதே இலைக்குப் பூ வைக்க வேண்டுமாம். இன்று சாயங்காலம் மொட்டு வாங்கப் போகும்போது அம்மாவும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், நான் பொறுக்கியது சரியில்லையாம்.