காது ஆபரேஷனில் மூளை சிப் வைக்கிறார்களா? இல்லை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஓர் ஆடியோ சுற்றுகிறது. காது கேளாத குழந்தைகளுக்குக் கேரள அரசின் சுருதிதரங்கம் திட்டத்தில் செய்யும் ஆபரேஷன் மூளை சிப்புக்கு ஒத்திகையாம். 2045-ல் எல்லோர் எண்ணத்தையும் கம்ப்யூட்டர் படித்துவிடுமாம்.

தவறு. அங்கே பொருத்துவது காக்ளியர் இம்ப்ளாண்ட். அதன் மின்முனைகள் உட்காதில் நத்தைக்கூடு போல் சுருண்ட பகுதிக்குள் போகின்றன, மூளைக்குள் அல்ல. வெளியே மாட்டும் கருவி ஒலியை வாங்கி அனுப்ப, உள்ளிருக்கும் பாகம் கேட்கும் நரம்பைத் தூண்டுகிறது. காந்தத்தில் ஒட்டியிருக்கும் வெளிப்பகுதியைக் கழற்றினால் உள்ளே இருப்பது சும்மா கிடக்கும். இதுவா எண்ணத்தைப் படிக்கும்?

சரி, மூளை சிப் கட்டுக்கதையா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் 2024 ஜனவரியில் நியூராலிங்க் என்ற நிறுவனம் தன் மூளை சிப்பை முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தியது. தோளுக்குக் கீழே செயலிழந்த நோலண்ட் ஆர்பா, கையை அசைக்க நினைத்தே கர்சரை நகர்த்துகிறார். சில வாரங்களில் மின்முனை இழைகள் பல விலகிவிட்டன. மென்பொருளை மாற்றிச் சமாளித்தார்கள். அந்த முதல் முயற்சியின் நிலைமை இவ்வளவுதான்.

அந்த 2045, மனித அறிவும் கம்ப்யூட்டரும் ஒன்றுசேரும் என்று ரே கர்ஸ்வைல் என்ற அமெரிக்கர் கணித்த ஆண்டு. எந்த அரசின் உத்தரவும் அல்ல.

பேச்சு பழகும் வயது தாண்டினால் இம்ப்ளாண்டின் பலன் குறையும். ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தவர்கள் ஆடியோவைக் கேட்டுத் தள்ளிப்போடாதீர்கள். சந்தேகத்தைக் காது டாக்டரிடமே கேளுங்கள்.