குரூக்ஸின் கனவு

ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ (1937) குறுநாவலைப் பற்றி நான் வாசித்த கட்டுரை ஒன்று, பண்ணைக் கூலித் தொழிலாளர்களான ஜார்ஜ், லென்னி இருவரின் நட்போடு நின்றுவிட்டது வருத்தமளிக்கிறது. கறுப்பினத்தவர் என்பதால் மற்றத் தொழிலாளர்களின் கூடத்தில் இடம் மறுக்கப்பட்டு, சேணங்கள் வைக்கும் அறையில் புத்தகங்களோடு தனித்து வாழும் குரூக்ஸ், சொந்த நிலம் என்னும் அவ்விருவரின் கனவை முதலில் ஏளனம் செய்தாலும், பணத்தில் பெரும்பகுதி சேர்ந்துவிட்டதென்று முதியவர் கேண்டி உறுதியாகச் சொன்னதும், கூலியில்லாமலே உழைக்கத் தாமும் வருவதாகக் கூறுகிறார். சற்று நேரத்திலேயே, பண்ணை முதலாளியின் மகன் கர்லியின் மனைவி குரூக்ஸைத் தூக்கிலிடச் செய்ய முடியுமென்று மிரட்ட, அந்த விருப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். திரைப்பட நடிகையாகும் ஆசை கருகிப்போன அவளும் தனிமையில் வாடுபவளே. நாவலில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. தனிமைப்பட்டவர்களே ஒருவரையொருவர் மிதிக்கும் இந்தக் காட்சியைத்தான், லென்னியின் மரணத்தைக்காட்டிலும் கொடியதாக நான் கருதுகிறேன்.