இன்னும் எத்தன வருஷம்யா இந்த கெட்ஹோஸ்ட்பைநேம்?

நேத்து நைட்டு ரெண்டு மணி வரைக்கும் ஒரு சி கோடை நோண்டிட்டு இருந்தேன், வயிறு எரியுது, அதான் இங்க கொட்டுறேன். புது சர்வருக்கு கனெக்ட் ஆகலன்னு கம்ப்ளைன்ட். டிஎன்எஸ்ல (எந்த பேருக்கு எந்த அட்ரஸ்னு சொல்ற டைரக்டரி) பாத்தா அந்த ஹோஸ்ட்நேமுக்கு புது வகை ஐபிவி6 அட்ரஸ் மட்டும்தான் இருக்கு, நம்ம கோடு கெட்ஹோஸ்ட்பைநேமை (பேரக் குடுத்தா அட்ரஸ் தேடித் தர்ற பழைய சி ஃபங்ஷன்) கூப்பிடுது, அது பழைய ஐபிவி4 அட்ரஸ் தேடிப் பாத்துட்டு ஒண்ணுமே இல்லன்னு கைய விரிக்குது.

1990கள்ல எழுதின கோடுன்னா மன்னிச்சு விட்டுருவேன். எந்த வரிய யார், எப்ப எழுதினாங்கன்னு காட்டுற கிட் பிளேம் போட்டா 2019! அதுக்குப் பதிலா வந்த கெட்அட்ரின்ஃபோ 1999ல வந்த ஆர்எஃப்சி 2553ங்கிற இன்டர்நெட் ஆவணத்துலயே இருக்கு, 2008 போசிக்ஸ் ஸ்டாண்டர்ட்ல கெட்ஹோஸ்ட்பைநேமை அடியோட தூக்கிட்டாங்க, அதுக்கப்புறமும் 11 வருஷம் கழிச்சு ஒருத்தர் உக்காந்து அதையே காப்பி பேஸ்ட் பண்ணிருக்கார்.

இதவிடக் கொடும பக்கத்து ஃபைல்ல. அங்க யாரோ கெட்அட்ரின்ஃபோவுக்கு மாத்திருக்காங்க, ஆனா எந்த வகை அட்ரஸ் வேணும்னு சொல்ற ஹின்ட்ஸ்ல ஏஎஃப்_ஐநெட், அதாவது வி4 மட்டும்! ஏஎஃப்_அன்ஸ்பெக்னு போட்டாதானய்யா வி4, வி6 ரெண்டும் வரும்? சரின்னு அத மாத்தினா, திரும்பி வர்ற லிஸ்ட்ல முதல் அட்ரஸை மட்டும் ட்ரை பண்ணிட்டு ஃபெயில்னு சொல்லுது. அது லிஸ்ட்டுய்யா! ஒவ்வொண்ணா சாக்கெட் திறந்து கனெக்ட் பண்ணிப் பாரு, ஆகலன்னா மூடிட்டு அடுத்ததுக்குப் போ, பத்து வரி லூப், அவ்ளோதான். அட்ரஸை லாக்ல எழுத 16 பைட் பஃபர் வெச்சிருக்காங்க, வி4க்கு அது சரி, வி6க்கு 46 வேணும், அதனால லாக்ல நீளமான வி6 அட்ரஸ் ஒழுங்கா பதிவாகல, எந்த மெஷின்னே கண்டுபிடிக்க முடியல.

லுக்கப் ஃபெயில் ஆனா, எர்ர்நோங்கிற பொது எரர் நம்பரைப் பாத்து மெசேஜ் காட்டுற பெர்ரரைப் போட்டு வெச்சிருக்காங்க, ஸ்க்ரீன்ல "சக்ஸஸ்"னு வருது! கெட்அட்ரின்ஃபோ தன்னோட எரர் நம்பரை ரிட்டர்ன் வேல்யூவா குடுக்குது, அத ஜிஏஐ_ஸ்ட்ரெரர்கிட்ட குடுத்தாதான் காரணம் தெரியும், எர்ர்நோவைப் பாத்து என்ன பிரயோஜனம்? இந்த ஒரு வரியால எனக்கு ஒரு மணி நேரம் போச்சு.

நாங்க படிச்ச லேப்லயும் இதேதான், வி4 அட்ரஸை மட்டும் வெக்கிற சாக்அட்ரு_இன்னு நேரா எழுதி வி4ஐ கோடுக்குள்ள ஆணி அடிச்சு வெக்கத்தான் சொல்லிக் குடுத்தாங்க. வி4, வி6 ரெண்டையும் வெக்கிற சாக்அட்ரு_ஸ்டோரேஜ்னு ஒண்ணு இருக்குன்னே வேலைக்கு வந்துதான் தெரிஞ்சுது.

காலைல பேட்ச் போட்டு ரிவ்யூக்கு அனுப்பினேன், "ஐபிவி6 நமக்கு இப்ப தேவையா?"ன்னு கமென்ட் வந்திருக்கு. அந்த சர்வருக்கு வி4 அட்ரஸே கிடையாதுய்யா!