கலெக்டருக்கும் அதே க, கழுதைக்கும் அதே க

மூணாங்கிளாஸ் புள்ள எழுதின ஒரு பக்க இங்கிலீஷ் கட்டுரைக்கு பத்துக்கு ஆறரை. போகட்டும், நான் ஒண்ணும் மார்க்குக்கு சாகுற ஆள் இல்ல. ஆனா மிச்சம் மூணரை எங்க போச்சுன்னு பேப்பரைத் திருப்பிப் பாத்தேன் பாருங்க, அங்க ஆரம்பிச்சது, இன்னும் அடங்கல.

மொத வரி, "மை மாம் வோக் மீ அப்". பெரிய எம் போட்டு எழுதிருக்கா. அம்மாவாச்சே, கொஞ்சம் மரியாதையா இருக்கட்டும்னு. சிவப்புல வட்டம், அரை மார்க் கட். நாலு வரி தள்ளி, "ஐ ஆஸ்க்ட் மாம்". இங்க சின்ன எம். அதுக்கும் வட்டம், அதுக்கும் அரை. பெருசா போட்டாலும் அடி, சின்னதா போட்டாலும் அடின்னா புள்ள எங்கதான் போகும்? இத்தனைக்கும் வீட்டுல ஒருநாள் கூட மாம்னு கூப்பிட்டதில்ல, "ம்ம்ம்மா"ன்னு தெருமுனை வரைக்கும் கேக்குற மாதிரி ஒரே கத்துதான், அந்த மாம் பேப்பர்ல மட்டும் வந்து போற சொந்தக்காரி.

பாருங்க, இதை உங்ககிட்ட தமிழ்ல எழுதும்போது எம் பெருசா சின்னதான்னு காட்டக்கூட வழியில்ல. நம்ம எழுத்துல பெருசு சின்னதே கிடையாதே. கலெக்டருக்கும் அதே க, கழுதைக்கும் அதே க. மரியாதை வேணும்னா "சொன்னாங்க"ல அந்த "ங்க"வுல வச்சுட்டு போயிட்டே இருப்போம்.

சனிக்கிழமை பேரன்ட்ஸ் மீட்டிங். புள்ளைங்க உக்கார்ற அந்த குட்டி பெஞ்சுல முழங்கால் ரெண்டும் தாடையைத் தொடுற மாதிரி முக்கால் மணி நேரம் உக்காந்து, மிஸ்கிட்டயே நேரா கேட்டு பாத்தேன். பாவம் அவங்க கோவமே படல, அதுதான் எனக்கு இன்னும் கோவம். "மை வந்தா ஸ்மால் லெட்டர் சார், அது காமன் நவுன். தனியா வந்தா பேர் மாதிரி, அப்ப கேப்பிட்டல்." அதாவது மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம், ரைட்டு. "டவுட்டா இருந்தா அந்த இடத்துல அவங்க பேரைப் போட்டுப் பாருங்க சார். பேர் பொருந்துனா கேப்பிட்டல்."

வீட்டுக்கு வந்து போட்டுப் பாத்தேன். "ஐ ஆஸ்க்ட் லட்சுமி." சரிதான், பொருந்துது. அடுத்தது, "மை லட்சுமி வோக் மீ அப்". கொஞ்சம் சத்தமா சொல்லிட்டேன் போல, அடுப்படியில இருந்து கரண்டியோட எட்டிப் பாத்து "என்ன, உடம்பு சரியில்லையா?"ங்குறா. கல்யாணமாகி பதினோரு வருஷம். ஒரு அரை மார்க்குக்காக மை லட்சுமி.

இதாவது பரவால்ல. சொந்தக்காரங்க பக்கம் வாங்க. ஊருல திருவிழாவுல நடந்த சண்டையை எழுதிருக்கா, பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் வாய்த்தகராறு, சித்தப்பா நடுவுல பூந்து விலக்கிவிட்டாரு. அருமையா எழுதிருந்தா, நிஜமா. மிஸ் மூணையும் அடிச்சுட்டு மேல அங்கிள், அங்கிள், அங்கிள்னு எழுதிட்டாங்க. இப்ப படிங்க: மை அங்கிள் ஃபாட் வித் மை அங்கிள் அண்ட் மை அங்கிள் ஸ்டாப்ட் தெம். யாரு யாரை அடிச்சா, எவன் விலக்குனான்? இதுல அந்த அங்கிளுக்குள்ளயே உள்குத்து வேற. "அங்கிள் செல்வம்"னா பெரிய எழுத்து, "மை அங்கிள் செல்வம்"னா சின்ன எழுத்து. ஒரே ஆளு, ஒரே மீசை, முன்னாடி ஒரு மை வந்து நின்னதும் பதவி பறிபோச்சு. ஆனா ஐ மட்டும் எங்க நின்னாலும் பெருசு, கவனிச்சீங்களா? யூ சின்னது. நான்னா கேப்பிட்டல், நீன்னா ஸ்மாலு. என்ன ஒரு வளர்ப்பு!

மிச்ச மார்க்கெல்லாம் இன், ஆன், அட் கணக்குல போயிருக்கு. "வி வேர் இன் தி பஸ்" தப்பாம், ஆன் தி பஸ்ஸாம். கார்னா இன்னாம். ஏன்னு கேட்டா, எழுந்து நின்னு நடக்குற மாதிரி வண்டின்னா ஆன், குனிஞ்சு உள்ள போய் உக்கார்றதுன்னா இன். அதனாலதான் ரயில், பிளேன் எல்லாம் ஆன், ஆட்டோ இன். காலைல எட்டரைக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறிப் பாருங்க, நடக்குறதா, கால் தரையில படுறதே அன்னிக்கு யோகம். ஃபுட்போர்டுல தொங்குறான் பாருங்க ஒருத்தன், அவன் ஒருத்தன்தான் இலக்கண சுத்தமா ஆன் தி பஸ். சரி அந்த கணக்குப்படியே லிஃப்ட்டுல நின்னுக்கிட்டுதானே போறோம், அது ஏன் இன்? அப்ப மட்டும் "அது அப்படித்தான் சார்". காலைன்னா இன், ராத்திரின்னா அட், திங்கக்கிழமை காலைன்னா ஆன். அதே காலைதான் சார், திங்கக்கிழமை ஆனதுக்கு அது என்ன பாவம் பண்ணுச்சு? இதுல வெள்ளைக்காரனுக்குள்ளயே ஒத்துமை கிடையாது, லண்டன்காரன் அட் தி வீக்கெண்ட்ங்குறான், அமெரிக்காக்காரன் ஆன் தி வீக்கெண்ட்ங்குறான், ஒருத்தன் ஃபார்மை ஃபில் இன் பண்றான், இன்னொருத்தன் ஃபில் அவுட் பண்றான், உள்ள போனாலும் வெளிய போனாலும் ஃபார்ம் ஒண்ணுதான் நிரம்புது. அவனுங்களுக்கு யாரு அரை மார்க் கட் பண்றது?

எல்லாத்துக்கும் சிகரம், பேப்பர் கூடவே ஸ்கூல்ல இருந்து ஒரு சர்குலர். பேரன்ட்ஸ் ஆர் ரிக்வெஸ்டட் டு டிஸ்கஸ் அபவுட் தி மார்க்ஸ் வித் யுவர் வார்டு. டிஸ்கஸ் அபவுட்! இந்த அபவுட்டுக்காக ஆபீஸ்ல மேனேஜர் முன்னாடி பத்து பேரு பாக்க நான் வாங்கிக்கட்டிக்கிட்டது எனக்குதான் தெரியும், டிஸ்கஸ்க்கு பின்னாடி அபவுட் வரக்கூடாதாம், டாக் அபவுட்னா வரணுமாம். தமிழ்ல "பத்தி" இல்லாம பேச முடியுமா, அந்த பழக்கம்தான். அங்கயே சிவப்புப் பேனாவை எடுத்து சர்குலர்ல வட்டம் போட்டு மைனஸ் அரைன்னு எழுதி கையெழுத்து போடப் போனேன். லட்சுமி புடுங்கிட்டா. "டிசி குடுத்து அனுப்பிருவாங்க, சும்மா இருங்க."

ஆத்தாமைல திண்ணைல உக்காந்து அப்பாகிட்ட கொட்டினேன். ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், வறுத்த கடலையை உரிச்சுக்கிட்டே கேட்டுட்டு இருந்தாரு. "பாருங்கப்பா, நமக்கெல்லாம் ஒரே ஒரு 'இல்'. பஸ்ஸில், காரில், காலையில், திங்கட்கிழமையில். முடிஞ்சது கதை!"

அவரு உரிக்கிறதை நிறுத்திட்டாரு. நிறுத்தினாலே வினைன்னு எனக்கு சின்ன வயசுல இருந்து தெரியும்.

"எவன்டா சொன்னது ஒண்ணுன்னு? நன்னூல்ல ஏழாம் வேற்றுமைக்கு இருபத்தெட்டு உருபு. கண், கால், கடை, இடை, தலை, வாய், திசை, வயின்..." கண்ணை மூடிட்டு மொத்தத்தையும் ஒப்பிச்சாரு, இருபத்தெட்டாவதா வந்து நின்னுச்சு நம்ம இல். "அந்த இல்லு அஞ்சாம் வேற்றுமைக்கும் உருபு. ஏழுல வர்ற இல்லுக்கும் அஞ்சுல வர்ற இல்லுக்கும் என்ன வித்தியாசம், சொல்லு?"

பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம் நான். முழிச்சேன். பின்னாடி என் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்குது.

அதோட விட்டாரா. போன்ல நான் பாதி எழுதி வச்சிருந்த இந்தப் பதிவை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏத்திவிட்டுப் படிச்சாரு. "கேட்டு பாத்தேன்னு எழுதிருக்க. நடுவுல ப் எங்க?" பேச்சு நடைப்பான்னேன். "பேச்சு நடைன்னா சந்தி செத்துப் போச்சாடா? அரை மார்க் கட்." எனக்கே சிரிப்பு வந்துருச்சு, என்னத்தை பண்றது. திருத்தாம அப்படியே விட்டுருக்கேன், மேல போய்ப் பாத்துக்கோங்க.

அதெல்லாம் கிடக்கட்டும், முனையில தள்ளுவண்டியில கடலை விக்கிறானே, அவனை யாராவது கேளுங்கய்யா. சூடா இருக்கு சூடா இருக்குன்னு தலையில கட்டிட்டான், பாதி நமத்துப் போனது, கடைசியா வாயில போட்டேனே ஒண்ணு, சொத்தை. மூணு சொம்பு தண்ணி குடிச்சும் கசப்பு போகல.